வீட்டுவழி மனநலச் சேவை: தூத்துக்குடிக் கடற்கரைச் சிறாரும் இளையோரும்

மனநல ஆலோசனையும் சிகிச்சையும் தொலைபேசி, காணொளி வழியே வீட்டுக்கு வந்துசேரும் முறை இது. தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி, சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் புதுக்கோட்டைச் சிற்றூர்களுக்குப் பேருந்தில் கொண்டுசென்ற தொலைமனநல மருத்துவம். மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ் (14416) 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. கட்டணமின்றி இரவு பகலாக இயங்கும் அது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயர் பெற்றது. 2015-16 தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினரிடம் மனநலக் கோளாறு கண்டது. ஆனால் கடற்கரை ஊர்களான வேம்பாரிலிருந்தோ பெரியதாழையிலிருந்தோ தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரிக்கு மகனை அழைத்துவர ஒரு நாள் கூலி போகும், ஊர்வாயும் திறக்கும். அழைப்பில் இவ்விரண்டும் குறைகின்றன என்பதே இச்சேவையின் முதன்மை நியாயம்.

ஒற்றை அறை வீட்டில் ஏது தனிமை என்ற மறுப்பு வலுவானது. 2020-இன் தொலைமருத்துவ நெறிமுறையோ, சிறாருடன் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. வீட்டுப் பெரியவரே அச்சத்துக்குக் காரணமானால் பிள்ளை வாய் திறக்காது. ஆனாலும் இது சேவையைக் கைவிடக் காரணமாகாது, இடத்தை மாற்றவே காரணமாகும்: பள்ளி அறையும் ஆரம்ப சுகாதார நிலையமும் அழைப்புக்கு உதவும். காணொளியே மேல் என்பது நகரத்து நினைப்பு. இரைச்சலுள்ள வீட்டில், வாசலுக்கு வெளியே எடுத்துச்செல்லக்கூடிய குரலழைப்பே பயன்தரும். தற்கொலை எண்ணம் தெரிந்தால் தொலைபேசி மட்டும் போதாது. அப்போது 108 ஊர்தியும் நேரடிச் சிகிச்சையும் வேண்டும்.