தோற்றுப்போன கருத்தடை மாத்திரையின் கதை

மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நின்று யாராவது "அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்" என்றால், எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேன்சர் இன்ஸ்டிடியூட் தான் என்று புரிந்துவிடும். மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை பெறும் பெண்கள் பலரின் மருந்துச் சீட்டில் ஒரு பெயர் இருக்கும். டமாக்சிஃபென். ஆனால் இந்த மாத்திரை புற்றுநோய்க்காகக் கண்டுபிடிக்கப்பட்டதே அல்ல!

கதை ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற டாக்டர், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணின் சூலகங்களை அறுவை செய்து அகற்றினார். என்ன ஆச்சரியம், மார்பில் இருந்த கட்டி சுருங்கியது. 1896-ல் இதை அவர் வெளியிட்டார். சூலகத்துக்கும் மார்புக் கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை 1923-ல் அமெரிக்காவில் ஆலன், டாய்சி என்ற இருவர் அடையாளம் கண்டார்கள். அதே 1923-ல் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சகோதரி புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தில் பிறந்த உறுதிதான் 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனையாக எழுந்தது.

ஈஸ்ட்ரோஜன் கட்டியை எப்படி வளர்க்கிறது? 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் விடை கண்டார். சில செல்களுக்குள் இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பியைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால் ஈஸ்ட்ரோஜன் சாவி. பூட்டு திறந்ததும் "பெருகு" என்ற கட்டளை செல்லுக்குள் போகிறது.

இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனி தேடிக்கொண்டிருந்ததோ கருத்தடை மருந்து. ஆர்தர் வால்போல் குழுவில் இருந்த டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் 1962-ல் டமாக்சிஃபெனை உருவாக்கினார். எலிகளிடம் அது கருவைத் தடுத்தது. பெண்களிடமோ நேர்மாறாக, கருமுட்டை வெளிவருவதைத் தூண்டியது! கருத்தடை மருந்தாக அது தோற்றுவிட்டது.

வால்போல் விடவில்லை. மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் டாக்டர் மேரி கோல் முற்றிய நோயுள்ள 46 பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்குப் பலன் தெரிந்தது. 1971-ல் அந்த முடிவு வெளியானது. 46-ல் 10 என்பது கம்பெனியின் லாபக் கணக்குக்குச் சின்ன எண். அந்தப் பத்துப் பேரின் வீட்டுக்கு அது சின்ன எண்ணா? 1973-ல் பிரிட்டனிலும் 1977-ல் அமெரிக்காவிலும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆரம்பக் கட்ட நோயிலும் இதை நீண்ட காலம் கொடுக்கலாம் என்பதற்கு கிரெய்க் ஜோர்டன் என்ற விஞ்ஞானியின் எலி ஆய்வுகள் வழி காட்டின.

இந்தியாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நித்யா ஆனந்த் குழுவினர், ஏற்பியில் போய் உட்காரும் இதே வகையைச் சேர்ந்த சென்ட்குரோமானை உருவாக்கினார்கள். அது கருத்தடையில் ஜெயித்தது. 1991-ல் 'சஹேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. பிறகு மார்பகப் புற்றுநோயிலும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே கருத்தடையில் தோற்றது புற்றுநோய்க்குப் போனது, இங்கே கருத்தடையில் ஜெயித்ததும் புற்றுநோயை எட்டிப் பார்த்தது!

இனி முக்கியமான விஷயம். டமாக்சிஃபென் புற்றுநோய் செல்லை நேரடியாகத் தாக்கி அழிக்கும் விஷம் அல்ல. அது பூட்டுக்குள் சிக்கிய தவறான சாவி போன்றது. தானும் திறக்காது, ஈஸ்ட்ரோஜனையும் நுழைய விடாது. கட்டளை வராததால் செல் பெருகாமல் காத்திருக்கிறது. ஏற்பி இல்லாத கட்டிகளில் இது பலிக்காது. அதனால்தான் முதலில் ஏற்பிப் பரிசோதனை செய்கிறார்கள்.

காத்திருக்கும் செல் என்பதால்தான் மாத்திரையைத் தினமும், குறைந்தது 5 வருடம் சாப்பிடச் சொல்கிறார்கள். ஏற்பி உள்ள நோயில் அப்படி 5 வருடம் சாப்பிட்டவர்களுக்கு, நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. உடம்பு சூடாகிக் கொதிப்பது போன்ற தொல்லைகள் உண்டு. அபூர்வமாக ரத்தக்கட்டு, கருப்பைப் புற்றுநோய் அபாயமும் உண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கும் லெட்ரசோல் போன்ற மாத்திரைகளும் வந்துவிட்டன.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்திரை?" என்று இரண்டாம் வருடமே நிறுத்திவிடும் அம்மாக்கள், அத்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. தொல்லை இருந்தால் டாக்டரிடம் சொல்லலாம், அவர் வேறு வழி பார்ப்பார். தானாக நிறுத்துவது மட்டும் கூடாது. வால்போலும் முத்துலட்சுமி ரெட்டியும் பிடித்த பிடிவாதத்தில் கொஞ்சம், மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கும் வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் தினமும் ஒரு தடவை "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டாலே அந்தப் பிடிவாதம் பாதி வந்துவிடும்.