எதுக்கும் ஒரு தடவை: மிகை இயக்கச் சிறுநீர்ப்பைக்கு வீட்டுவழிப் பயிற்சி, பட்டாபிராமை முன்வைத்து

பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் புறநகர் மின்ரயிலில் கழிவறை கிடையாது. ஆவடி, அண்ணனூர், அம்பத்தூர், வில்லிவாக்கம் என நின்று நின்று போகும் அந்தப் பயணத்தை மனத்தில் வைத்தே இங்குள்ள பல பெண்களின் காலைப் பழக்கம் அமைகிறது. காப்பி உண்டு, தண்ணீர் இல்லை. செருப்பை மாட்டும்போது வீட்டிலிருந்து ஒரு குரல்: “எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடும்மா.”

தண்ணீரைக் குறைப்பது, உந்துதல் இல்லாமலே போய்வருவது ஆகிய இந்த இரண்டு தற்காப்புகளும் நாளடைவில் தொல்லையை வளர்க்கக்கூடியவை. ‘இயற்கை வைத்தியம்’ என்று கைகாட்டப்படும் குடிநீர்களில் பல மிகை இயக்கச் சிறுநீர்ப்பை என்ற இந்நோய்க்குப் பொருந்தாதவை. இதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க உண்மையான இயற்கைச் சிகிச்சை பயிற்சிதான் என்பது என் வாதம்.

பன்னாட்டுச் சிறுநீர்க் கட்டுப்பாட்டுச் சங்கம் 2002இல் இந்நோய்க்குத் தந்த வரையறையின் மையம் ‘அவசரம்’: திடீரென எழும், தள்ளிப்போடக் கடினமான உந்துதல். அடிக்கடி போவதும், இரவில் எழுவதும், சில வேளைகளில் கசிவும் அதனோடு சேர்ந்து வரும். தொற்று முதலிய வெளிப்படையான காரணம் இருந்தால் அது வேறு நோய். ஆகவே எத்தனை முறை என்ற எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது. அளவு குறித்த பிளாஸ்டிக் மக் ஒன்றைக் கழிவறையில் வைத்து, மூன்று நாள்கள் நேரம், அளவு, குடித்தது, அவசரம் இருந்ததா ஆகியவற்றைக் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினாலே பாதி விளங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நூறு, நூற்றைம்பது மில்லிதான் என்றால் பையின் அவசரத்தைச் சந்தேகிக்கலாம். ஒரு நாள் மொத்தம் மூன்று லிட்டரைத் தாண்டினால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையை.

இங்கேதான் நாட்டு மருந்து பற்றிய குழப்பம் வருகிறது. நெருஞ்சில், நீர்முள்ளி, சிறுபீளை, வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் ஆகியவை நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் வீக்கத்துக்கும் வழங்கிவருபவை. நீரைப் பெருக்கிப் போக்குவதே அவற்றின் நோக்கம். சித்த மருத்துவமும் அவற்றை அப்படித்தான் வகைப்படுத்துகிறது. தவறு மருந்தில் இல்லை. ‘யூரின் பிராப்ளம்’ என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பரிந்துரைப்பதில் இருக்கிறது. ஏற்கெனவே அடக்க முடியாமல் தவிப்பவருக்கு மாலையில் ஒரு சொம்பு நெருஞ்சில் குடிநீர் கொடுத்தால் அன்றிரவு தூக்கம் போச்சு.

பயிற்சியின் அடிப்படை உடலியங்கியல் சார்ந்தது. இடுப்புத்தளத் தசை இறுகும்போது, சிறுநீர்ப்பைத் தசையின் சுருக்கம் அனிச்சையாகவே தணிகிறது. அவசரம் எழுந்ததும் ஓடுவது இதற்கு நேர்மாறு. ஓட்டம் வயிற்றழுத்தத்தைக் கூட்டும், கவனத்தையும் பையின் மீதே குவிக்கும். அந்த இடத்திலேயே நின்று, முடிந்தால் உட்கார்ந்து, வாயு பிரிவதை அடக்குவதுபோல் ஐந்தாறு முறை சட்டென்று இறுக்கித் தளர்த்தி, மூச்சைச் சீராக்கி, அலை தணிந்த பிறகு நடந்துபோக வேண்டும். கூடவே நேர அட்டவணையும் வேண்டும். இப்போது மணிக்கொரு முறை போகிறவர் வாரத்துக்குக் கால்மணி நேரம் கூட்டிக்கொண்டே போய் மூன்று மணி நேர இடைவெளியை எட்டலாம். “எதுக்கும் ஒரு தடவை” இந்த இடைவெளியைத்தான் குலைக்கிறது. கொஞ்சம் நிரம்பினாலே காலி செய்யப் பை பழகிவிடுகிறது. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். பகலில் பரவலாகக் குடித்து, படுக்கைக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் குறைத்துக்கொள்வதே முறை. குறைக்க வேண்டியது காப்பியும் டீயும்தான். காஃபீன் நீரையும் பெருக்கும், அவசரத்தையும் தூண்டும்.

இது மருந்துக்கு ஈடாகுமா என்ற ஐயம் நியாயமானது. அமெரிக்காவில் கேத்ரின் பர்ஜியோ குழு 55 வயதுக்கு மேற்பட்ட 197 பெண்களிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றோரிடம் கசிவு ஏறக்குறைய 81 விழுக்காடு குறைந்தது. மருந்து உண்டோரிடம் 69, வெற்று மாத்திரைக்கு 39. ஆனால் அந்தப் பயிற்சி மருத்துவமனையில், செவிலியர் மேற்பார்வையில், கருவி உதவியோடு நடந்தது. அதை வீட்டுவழிக்குச் சான்றாக அப்படியே காட்ட முடியாது. என் வாதத்துக்கு வலுச்சேர்ப்பது அதே குழுவின் 2002 ஆய்வு. கையேடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு வாரம் வீட்டில் பயின்றவர்களிடமும் கசிவு ஏறக்குறைய 59 விழுக்காடு குறைந்தது. நேரடிப் பயிற்சி பெற்ற குழுக்களோடு புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கையேட்டுக் குழுவின் மனநிறைவு மட்டும் குறைவு. கூட ஒருவர் இருந்து சொல்லித்தருவதற்கு ஈடு இல்லை போலும்.

எல்லைகளும் உண்டு. சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், நீர் கட்டிக்கொள்ளுதல், காலில் திடீர் பலவீனம் இருந்தால் பயிற்சிக்கு இடமில்லை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஐம்பதைக் கடந்த ஆண்களுக்குப் பிராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை உண்பவர்கள், அதைக் காலையில் எடுக்கலாமா என்று கேட்டாலே சிலருக்கு இரவு நிம்மதி கிடைக்கும்.

கூட இருந்து சொல்லித்தர ஆளுக்கும் வழி இருக்கிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை மருத்துவர்களும் அதில் உண்டு. வாசலுக்கு வரும் அந்தப் பெண் தன்னார்வலர் “அடக்க முடியாம போகுதாம்மா?” என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். மாத்திரைப் பட்டையோடு இடுப்புத்தளப் பயிற்சி பற்றிய தமிழ்க் கையேடு ஒன்றையும் தரட்டும். பொதுச் சுகாதாரத் துறை இதற்குப் புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை.