மருத்துவர்க்கு ஆண்டு ஊதியம்: திருமுக்கூடல் முதல் ஐதராபாத்து வரை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் அந்நான்கனுள் தீர்ப்பவன் பெறும் ஊதியம் பற்றிய குறிப்பு இல்லை. இலக்கியம் பேசாது விட்ட அவ்விடத்தைக் கல்வெட்டுகள் ஓரளவு நிரப்புகின்றன.

இவ்வூதியம் பற்றிய வினா இன்று புதிதாக எழுந்துள்ளது. மருத்துவர் ஒருவர்க்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை முன்கூட்டியே செலுத்தி, காத்திராது அவரைக் காணவும் வேண்டும்பொழுது தொலைபேசியில் அழைக்கவும் உரிமை பெறும் முறை, 1996இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோன்றிப் பின்னர்ப் பரவியது. மருத்துவர் தம்மை நாடுவோர் எண்ணிக்கையைச் சுருக்கிக்கொண்டு, எஞ்சியோர்க்கு மிகுதியான நேரம் அளிப்பதே அதன் அடிப்படை. இந்தியப் பெருநகரங்களில் தனியார் மருத்துவமனைகள் வழங்கும் ஆண்டுச் சந்தா அட்டைகளிலும் இதன் சாயலைக் காணலாம். இதனை முன்பின் அறியாத வணிகமுறை என்பாரும், நம் முன்னோர் காலத்தில் மருத்துவம் அனைவர்க்கும் விலையின்றிக் கிடைத்தது என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளும் சான்றுகளோடு பொருந்தவில்லை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஐதராபாத்து நகரின் மருத்துவ வரலாறு இதற்குப் பெரிதும் துணைபுரிகிறது. எனினும் தொடக்கம் தமிழ்நாட்டுக் கல்வெட்டு ஒன்றிலிருந்தே அமைதல் வேண்டும்.

திருமுக்கூடல் கல்வெட்டு

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது திருமுக்கூடல். அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்ட வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (ஏறத்தாழ கி.பி. 1068), 1915ஆம் ஆண்டில் படியெடுக்கப்பட்டுப் பின்னர் கே.வி. சுப்பிரமணிய ஐயரால் 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் பதிப்பிக்கப்பெற்றது. கோயிலின் சனநாத மண்டபத்தில் ஒரு கல்விச்சாலையும் மாணவர் உறையுளும் 'வீரசோழன்' என்னும் பெயரில் ஓர் ஆதுலர்சாலையும் இயங்கியதை அது கூறுகிறது. ஆதுலர்சாலையின் படுக்கைகள் 15.

அங்குப் பணிபுரிந்தோர் ஊதியத்தைக் கல்வெட்டு ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுரைக்கிறது. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவர் வழிவழியாக அப்பணிக்குரியவர். அவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் உரியன. சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்பவர்க்கு 30 கலம். மூலிகை கொணரும் இருவர்க்கும் சேர்த்து 60 கலம். நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர்க்கும் சேர்த்து 30 கலம். நாவிதர்க்கு 15 கலம். ஆண்டு முழுமைக்கும் இருப்பில் வைக்கவேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்களும் வரிசையாகத் தரப்பட்டுள்ளன.

12 குறுணி ஒரு கலம் என்றும், ஆண்டுக்கு 360 நாள் என்றும் கொண்டால், மருத்துவர் பெற்றது நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல்லாகும். அறுவை மருத்துவர்க்கு ஒரு குறுணி. மூலிகை கொணர்வார் ஒவ்வொருவர்க்கும் அதே ஒரு குறுணி. கத்தி பிடித்தவர்க்கும் பச்சிலை சுமந்தவர்க்கும் ஒரே அளவு நெல் என்பது, கையால் செய்யும் மருத்துவத்திற்கு அக்காலம் தந்த மதிப்பைக் காட்டுவதாகக் கருத இடமுண்டு. அது தனித்து ஆராயத்தக்கது. ஈண்டுக் கருதவேண்டியது பிறிதொன்று. பதினைந்து படுக்கைகளும் நிறைந்திருந்த நாளிலும் ஒருவரும் நோயுறாத நாளிலும் மருத்துவர்க்கு அதே மூன்று குறுணிதான். நோயின் எண்ணிக்கையோடு ஊதியம் ஏறுவதில்லை, இறங்குவதுமில்லை. அவர் செய்த சிகிச்சைக்கு அன்று, அவர் அங்கு இருத்தற்கே அந்நெல் அளக்கப்பட்டது. இன்றைய ஆண்டுக் கட்டணத்தின் உட்பொருளும் இதுவே.

அவ்வாறாயின் வேறுபாடு எங்குள்ளது? திருமுக்கூடலில் நெல் அளந்தவர் நோயாளர் அல்லர். கோயிலின் வருவாயிலிருந்தே அது அளக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தவர் ஏதும் கொடுக்கவில்லை. ஆனால் அப்படுக்கையில் கிடத்தற்கு உரியவர் யாவர் என்னும் வினாவை நம் ஆய்வாளர் பலர் எழுப்புவதில்லை. சோழர்காலப் 'பொது மருத்துவமனை' என்று இதனைப் போற்றி எழுதும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. கல்வெட்டோ, வேதமும் இலக்கணமும் பயின்ற மாணவர், அவர்தம் ஆசிரியர், கோயிற் பணியாளர் ஆகியோர்க்கே அச்சாலையை உரியதாக்குகிறது. ஆற்றங்கரையில் நெல் விளைத்த உழவன் அப்பட்டியலில் இல்லை. அவன் விளைத்த நெல்லே மருத்துவர் வீட்டை அடைந்தது என்பதையும் மறத்தற்கில்லை. கட்டணம் செலுத்தியோர்க்கு மட்டும் திறக்கும் கதவு இன்றையது. நிறுவனத்தைச் சார்ந்தோர்க்கு மட்டும் திறந்த கதவு அன்றையது.

அவ்வுழவனின் நோயை யார் பார்த்தனர்? ஊர் நாவிதரும் அவர் மனைவியுமே கட்டி அறுத்தல், பேறு பார்த்தல் ஆகிய பணிகளை அண்மைக்காலம் வரை செய்துவந்தனர். நாவிதர்க்கு 'மருத்துவர்' என்றும், பேறு பார்க்கும் பெண்ணுக்கு 'மருத்துவச்சி' என்றும் வழங்கும் பெயர்கள் இதற்குச் சான்று. இவர்கள் ஊதியமும் ஆண்டு ஊதியமே. அறுவடைக் களத்தில் நெல்லைப் பங்கிடுமுன் ஊர்ப்பணியாளர்க்கென ஒதுக்கும் பங்கிலிருந்து அது அளக்கப்பட்டது. எழுத்தில் இடம்பெறாத இம்முறையே, கல்லில் வெட்டப்பட்ட முறையைவிட மிகுதியான மக்களைக் காத்தது எனலாம்.

தெலுங்கு நாடும் ஐதராபாத்தும்

கோயில், மடம் ஆகியவற்றைச் சார்ந்த இம்மரபு சோழநாட்டோடு நின்றதன்று. காகதீய அரசி உருத்திரமதேவி காலத்து மல்காபுரம் கல்வெட்டு (கி.பி. 1261), கோளகி மடத்து விசுவேசுவர சிவாசாரியார் பெற்ற கொடைகளின் வருவாயில் ஒரு பகுதி மருத்துவச் சாலைக்கும் மகப்பேற்றுச் சாலைக்கும் ஒதுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. மகப்பேற்றுக்கெனத் தனிச்சாலை அமைந்தது திருமுக்கூடலில் காணப்படாத சிறப்பு.

ஐதராபாத்து நகர் 1591இல் தோன்றியது. நகரை அமைத்த முகம்மது குலி குதுப்ஷாவே 1595இல் 'தாருல்ஷிபா'வையும் கட்டினார். நலம் தரும் இல்லம் என்பது அச்சொல்லின் பொருள். முற்றத்தைச் சூழ்ந்த இரு அடுக்கு அறைகள் கொண்ட அக்கட்டடத்தில் யுனானி மருத்துவமும் அதன் கல்வியும் ஒருங்கே நடந்தன. அரசு ஊதியம் பெற்ற ஹகீம்கள் நோயாளரிடம் பொருள் பெறாது மருத்துவம் செய்தனர். இன்று அங்கு மருத்துவம் நடைபெறவில்லை. பழைய நகரின் அப்பகுதிக்குப் பெயராக மட்டும் அச்சொல் நிலைத்துள்ளது. திருமுக்கூடலோடு ஒப்பிடுங்கால் ஊதிய முறையில் பெரிய வேறுபாடில்லை. ஆயினும் கோயிலைச் சார்ந்தோர்க்கு என்னும் வரையறை நீங்கி, நகரத்தார்க்கு என்னும் விரிவு இங்கு ஏற்பட்டது. ஆசப் ஜாகி அரசர் காலத்திலும் இப்போக்குத் தொடர்ந்தது. 1846இல் ஐதராபாத்து மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. அப்சல்கஞ்சு மருத்துவமனை 1908ஆம் ஆண்டு மூசி ஆற்று வெள்ளத்தில் அழிந்தபின், அதே ஆற்றங்கரையில் உசுமானியா மருத்துவமனை எழுந்தது.

மருத்துவர்க்குத் தலைக்கு இவ்வளவு என ஆண்டுத்தொகை வழங்கும் முறையைப் பிரித்தானியா 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தால் தொழிலாளர்க்கென ஏற்றுக்கொண்டது. 'பேனல் டாக்டர்' என்னும் வழக்கு அதனோடு பரவியது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், சில மாநிலங்களில் தனியார் மருத்துவர்கள் இவ்வகையில் அமர்த்தப்பெற்றனர். இன்றைய ஆண்டுக் கட்டணத்திற்கும் இதற்கும் கணக்கு ஒன்றே, நோக்கம் நேர்மாறு. முன்னது பட்டியலைச் சுருக்குகிறது, பின்னது விரிக்கிறது.

2007இல் ஐதராபாத்தைத் தலைநகராகக் கொண்ட ஒன்றுபட்ட ஆந்திர மாநிலத்தில் 'ஆரோக்கியசிறீ' திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கான ஆண்டுக் காப்பீட்டுக் கட்டணத்தை அரசே செலுத்தியது. தமிழகத்தில் 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் இவ்வழியினதே. கோயில் அளந்த நெல்லின் இடத்தில் அரசின் காப்பீட்டுக் கட்டணம் வந்தது என்று கூறத் தோன்றும். ஆயின் அவ்வொப்புமை பாதியே பொருந்தும். இத்திட்டங்கள் இதய அறுவை, புற்றுநோய் முதலிய பெருநோய்களை முதன்மையாகக் கொண்டவை. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் நாடத்தக்க மருத்துவர் ஒருவரை அவை தரவில்லை. பணம் செய்த சிகிச்சைக்குச் செல்கிறது, மருத்துவர் ஓரிடத்தில் இருத்தற்குச் செல்வதில்லை. செல்வர் ஆண்டுக் கட்டணம் செலுத்தி வாங்குவது, ஏழைக்கு விடுபட்டுப்போன இதனையே.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், மருத்துவர் தம் கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே அறிவித்தல் வேண்டும் என்றும், நோய் தீர்ந்தாலன்றிக் கட்டணமில்லை என ஒப்பந்தம் செய்தல் முறையன்று என்றும் கூறின. பணம் கொடுத்தவர் முன்னும் கொடாதவர் பின்னும் நிற்பது முறையா என்பதே ஆண்டுக் கட்டணம் எழுப்பும் வினா. கட்டணத்தை வெளிப்படையாக அறிவித்துவிடுவதால் மட்டும் அதற்கு விடை கிடைத்துவிடாது.

2018இல் தெலங்கானா அரசு ஐதராபாத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 'பஸ்தி தவாக்கானா' என்னும் சிறு மருத்துவ நிலையங்களைத் திறக்கத் தொடங்கியது. குடியிருப்புக்குள்ளேயே அரசு ஊதியம் பெறும் மருத்துவர் ஒருவர் இருக்க, வருவோர் பணமின்றி மருந்து பெறுகின்றனர். தாருல்ஷிபாவின் சிறு வடிவம் என்று இதனைக் கூறலாம். திருமுக்கூடலின் உழவனுக்குக் கிடைக்காதது இங்குக் கிடைக்கிறது. ஒன்றில் மட்டும் கல்வெட்டே மேம்பட்டு நிற்கிறது. அசுவத்தாம பட்டன் பெற்றது தலைமுறை தோறும் தொடரும் உரிமை. பஸ்தி தவாக்கானா மருத்துவரோ ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுபவர்.