மிஸிஸிப்பி நதியின் சீட்டாட்ட உபாத்தியாயர்கள்

போக்கர் என்னும் சீட்டாட்டத்தைப் பழக விரும்பும் ஒருவனுக்கு இக்காலத்தில் அச்சிட்ட விதிகளும் விளக்க நூல்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன; ஆனால் அந்த ஆட்டம் அமெரிக்காவில் தோன்றிப் பரவிய முதல் சில தலைமுறைகளில், அதைக் கற்க வந்த புதியவனுக்கு வாய்த்த உபாத்தியாயர் ஒருவர்தான். அவர் மேஜைக்கு எதிர்ப்புறம் அமர்ந்து, அவன் மடியிலிருந்த பணத்தைத் தம் மடிக்கு மாற்றிக்கொண்டிருந்த சூதாடி.

பிரெஞ்சுக்காரரிடமிருந்து லூயிஸியானாப் பிரதேசத்தை அமெரிக்க அரசாங்கம் 1803ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிய பிறகு, நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் பஞ்சு வியாபாரிகளும் மாலுமிகளும் நிலச்சுவான்தார்களும் வந்து குவியலாயினர். அவ்வூர்ப் பிரெஞ்சுக்காரர் 'போக்' என்று ஓர் ஆட்டம் ஆடிவந்தனர். அதிலிருந்தே போக்கர் கிளைத்தது என்பது பலர் கொள்கை. பாரசீகத்து 'ஆஸ் நாஸ்' ஆட்டமே அதற்கு மூலம் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடலாம். 1812 தொடங்கி மிஸிஸிப்பியில் நீராவிக் கப்பல்கள் ஓடலானதும், விற்ற பஞ்சின் பணத்தோடு நாட்கணக்கில் பிரயாணம் செய்யும் கனவான்கள் பொழுதுபோகாமல் உட்கார்ந்திருக்கும் கூடங்கள் அக்கப்பல்களில் அமைந்தன. சூதாடிகளுக்கு வேறென்ன வேண்டும்?

அன்றைய ஆட்டத்துக்கு இருபதே சீட்டுகள்: ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. ஆளுக்கு ஐந்தாக நால்வருக்கும் போட்டுவிட்டால் கட்டில் எதுவும் மிஞ்சாது. சீட்டு மாற்றுவதற்கு வழியில்லை. பணயத்தை ஏற்றுவது அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகுவது, இவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் புதியவனை மயக்கும் ஒரு சூட்சுமம் இருந்தது. இருபது சீட்டிலிருந்து ஐந்து சீட்டாக 15,504 விதமான கைகள் அமையலாம். அவற்றுள் ஒரு ஜோடிகூட இல்லாத கைகள் 1,024 மட்டுமே. ஆகவே சீட்டை விரித்துப் பார்த்த ஒவ்வொருவனுக்கும், பதினைந்தில் பதினான்கு தடவை, தன்னிடம் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை உண்டாகும். எதிரே இருப்பவனுக்கும் அப்படியேதான் என்பது அவன் புத்தியில் பட நெடுங்காலம் ஆகும்; அதற்குள் கப்பல் நாட்செஸ் துறையைத் தாண்டியிருக்கும்! மேலும், நான்கு ராஜாவும் ஓர் ஆஸும் ஒருவன் கையில் வந்துவிட்டால் அவனை வெல்லுவார் இல்லை. ஓர் ஆஸ் அவனிடம் இருக்கையில், நான்கு ஆஸ் வேறெவனிடமும் சேர முடியாதல்லவா? இத்தகைய அழியாத கையைச் சீட்டுப் போடுகிறவனே ஜோடித்துக்கொள்வது எப்படி என்பதே அக்காலச் சூதாடியின் முழுநேர அப்பியாசம்.

ஜோசப் கௌவெல் என்ற ஆங்கில விகட நடிகர், 1829 டிசம்பரில் லூயிவில்லிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பலில் சென்றபோது கண்ட ஆட்டத்தைப் பிற்பாடு தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். மூடுபனியில் கப்பல் கரையில் மோதி அமளி உண்டாயிற்று. அந்தக் கலவரத்தில் பச்சைக் கண்ணாடி அணிந்திருந்த ஆசாமி சீட்டைப் போட, ஜோடித்து வைத்திருந்த சீட்டு தவறிப்போய் ஓர் இளம் வக்கீலின் கைக்குச் சென்றுவிட்டதாம். போக்கரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நேர்முக வருணனைகளில் ஒன்று, ஒரு மோசடி பிழைபட்ட கதையாக இருப்பது பொருத்தமே. இளமையில் தாமே நதிச் சூதாடியாக இருந்து, பின்னர் மனம் மாறிய ஜானதன் கிரீன் என்பவர், 1843இல் வெளியிட்ட நூலில் இந்த ஆட்டத்தை 'ஏமாற்று ஆட்டம்' என்றே குறிக்கிறார். சீட்டின் முதுகுப்புறச் சித்திரத்தில் இரகசிய அடையாளமிட்டு விற்கும் வழக்கத்தை அவர் பிரசங்க மேடைகளில் செய்துகாட்டி, கூடியிருந்த ஜனங்களைத் திடுக்கிடச் செய்தார். ஜனங்களின் கோபம் எல்லை மீறியதும் உண்டு: 1835 ஜூலையில் விக்ஸ்பர்க் நகரத்தார் சூதாடிகள் ஐவரை விசாரணையின்றியே தூக்கிலிட்டனர். சூது பாதகம் என்றால் அதைவிடப் பெரிய பாதகம் அது என்றே சொல்லத் தோன்றுகிறது.

மெல்ல மெல்ல ஐம்பத்திரண்டு சீட்டும் புழக்கத்துக்கு வந்தன. அதிகம் பேர் ஆடலாம். வேண்டாத சீட்டைக் கழித்துப் புதிது வாங்கலாம். ஒரே இனத்தில் ஐந்து, வரிசையாக ஐந்து என்று புதிய கைகளும் மதிப்புப் பெற்றன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்புச் சிப்பாய்களும் பாசறையில் இதே வேலையாக இருந்தனர். சண்டைக்குப் புறப்படும்போது, செத்தால் உடைமையோடு சீட்டுக்கட்டும் வீட்டுக்குப் போய்ச் சேருமே என்று நாணி, வழியோரத்தில் அதை வீசிவிட்டுப் போவார்களாம். நான் முக்கியமாகக் கருதும் மாறுதல் வேறு. முழுக்கட்டில் அமையக்கூடிய கைகள் 25,98,960. அவற்றில் ஏறக்குறையச் சரிபாதி ஒன்றுக்கும் உதவாதவை. வெறுங்கையைக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் காத்திருக்கும் பொறுமை, அதற்குப் பிறகுதான் இந்த ஆட்டத்தில் பிரதான வித்தையாயிற்று.

அந்த வித்தையை எழுதிக் கொடுத்த முதல் கண்ணியமான ஆசிரியர் ஒரு ராஜதந்திரி என்பது வேடிக்கை. ஒஹாயோவைச் சேர்ந்த ராபர்ட் ஷென்க், 1862இல் நடந்த இரண்டாம் புல் ரன் யுத்தத்தில் வலக்கை ஊனமுற்ற தளபதி; 1871இல் இங்கிலாந்துக்கு அமெரிக்கத் தூதராகச் சென்றார். சாமர்செட்டில் ஒரு பிரபுக் குடும்பத்து விருந்தின்போது சீமாட்டியார் கேட்டுக்கொள்ள, போக்கர் விதிகளை எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் தம் நண்பர்களுக்காக அதை அச்சிட்டுவிட்டார். செய்தி கடல் தாண்டியதும், நம் தூதர் லண்டனில் சூதாட்டப் பள்ளிக்கூடம் நடத்துகிறாரா என்று அமெரிக்கப் பாதிரிமார் கொதித்தெழுந்தனர். யூட்டாவின் எம்மா வெள்ளிச் சுரங்கத்துக்குத் தம் பெயரை இரவல் கொடுத்து, பங்கு வாங்கியவர்கள் நஷ்டப்பட, 1876இல் அவர் பதவி விலக நேர்ந்தது. சுரங்கத்தில் போனது சீட்டில் போனதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆயினும் ஊரார் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர் 'போக்கர் ஷென்க்' என்பதே.

1957இல் ஹெர்பர்ட் யார்ட்லி தமது போக்கர் கல்வியைப் பற்றி எழுதிய நூல் வெளியாயிற்று. 1921இல் கூடிய வாஷிங்டன் மாநாட்டின்போது ஜப்பானியரின் சங்கேதத் தந்திகளை உடைத்துப் படித்த நிபுணர் அவர். சீட்டு வித்தையைக் கற்றதோ, இண்டியானாவின் வொர்திங்டன் என்ற சிற்றூரில், மாண்டி என்பவரின் மதுக்கடைப் பின்னறையில். மாண்டி இளைஞனைத் தம்மருகே உட்கார்த்தி வைத்து, பிறர் தோற்பதைப் பார்க்கும்படி செய்தாரேயன்றி, அவன் பையில் கைவைக்கவில்லை. அந்தப் பாடத்தையே யார்ட்லியும் ஆட்ட வகைதோறும் மாதிரிக் கைகளை வரிசைப்படுத்தி, இன்ன சீட்டு வந்தால் தங்கு, இன்ன சீட்டு வந்தால் கவிழ்த்துவிடு என்று எழுதிவைத்தார். அவற்றுள் கவிழ்க்கச் சொன்ன இடங்களே மிகுதி.