எலிமினேட்டர் வந்த வழி

1983 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் ஓர் உத்தரவு போட்டார். 700 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார்சைக்கிள்களுக்கு அதுவரை 4.4 சதவீதமாக இருந்த சுங்க வரி 49.4 சதவீதமானது. ஜப்பான் வண்டிகளின் போட்டியில் திணறிக்கொண்டிருந்த ஹார்லி டேவிட்சனைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை அது. ஐந்தாண்டு காலத்துக்குப் போடப்பட்ட வரி, ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும் என்று ஏற்பாடு.

ஜப்பான் கம்பெனிகள் இன்ஜினைச் சுருக்கின. ஹோண்டாவின் 750 சி.சி. ஷேடோவும் யமஹாவின் 750 சி.சி. விராகோவும் அமெரிக்கச் சந்தையில் 700 ஆகிவிட்டன. கவாஸாகியின் வல்கன் அங்கே அறிமுகமானதே 700 சி.சி. வண்டியாகத்தான், மற்ற நாடுகளில் அதுவே 750. 1987-ல் ஹார்லி தானே முன்வந்து, இனி இந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொன்னது. ஆனால் அதற்குள், ஹார்லியின் சாயலில் ஜப்பான் செய்த, கால் நீட்டி ஓட்டும் நடுத்தர குரூசர் வண்டி தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது.

ஜப்பானுக்குள்ளே அளவைத் தீர்மானித்தது லைசென்ஸ். 1975-ல் திருத்திய விதிப்படி நடுத்தர லைசென்ஸ் வைத்திருப்பவர் 400 சி.சி. வரைதான் ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் அரசுத் தேர்வு மையத்தில் நேரடியாகத் தேற வேண்டியிருந்தது. 1996 வரை டிரைவிங் ஸ்கூலில் படித்து அந்த லைசென்ஸ் வாங்க வழியில்லை. அதனால்தான் ஹோண்டா ஸ்டீட் போன்ற 400 சி.சி. குரூசர்களில் அந்த ஊர் இளைஞர்கள் ஆசை தீர்த்துக்கொண்டார்கள். அகலமான அமெரிக்க நெடுஞ்சாலைக்குப் பிறந்த உருவம், டோக்கியோ தெருவுக்கு ஏற்ற இன்ஜினோடு ஓடியது.

கவாஸாகி எலிமினேட்டர் இந்தக் குடும்பத்தில் 1985-ல் பிறந்தது. முதலில் 900 சி.சி. நேர்கோட்டில் சீறிப்பாயும் அமெரிக்க டிராக் பந்தய வண்டிகளின் தோரணை அதற்கு. பின்னால் 600, 400, 250, 125 என்று அதே பெயரில் சிறிய வண்டிகள் வந்தன. 1984 முதலே கவாஸாகியோடு தொழில்நுட்ப உறவு வைத்திருந்த பஜாஜ் ஆட்டோ, 2001-ல் அதை 175 சி.சி. இன்ஜினோடு இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டுக்காரர் பார்த்தால் பொம்மை என்பார். நூறு சி.சி. வண்டியில் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்த நமக்கு அது பெரிய வண்டி. என் கணிப்பில், இந்தியாவில் சாதாரணக் குடும்பங்களின் கண்ணுக்கு எட்டிய முதல் ஜப்பானியக் குரூசர் அதுதான். மறு ஆண்டே யமஹா 125 சி.சி.யில் என்டைசரை இறக்கியது. ஆனால் எலிமினேட்டருக்கு இருந்த கம்பீரம் அதற்கு வாய்க்கவில்லை.

அந்த எலிமினேட்டரை நான் பார்த்தது டெல்லியில். அங்கே லக்ஷ்மிபாய் நகர் மத்திய அரசு ஊழியர்கள் குடியிருக்கும் இடம். ஒரு பக்கம் சரோஜினி நகர், மறுபக்கம் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கேதான். அதனால் இந்தக் குவார்ட்டர்ஸ் வழியே நடந்தால் காதில் தமிழ் விழும். ஸ்கூட்டர்களும் நூறு சி.சி. பைக்குகளும் வரிசையாக நிற்கும் அப்படியொரு மாடிப்படிக்குக் கீழே ஒரு கறுப்பு எலிமினேட்டர் நிற்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன்.

துளி வடிவ டேங்க். அதற்குப் பின்னால் பள்ளத்தில் இறங்கியதுபோல ஓட்டுபவர் சீட். ஐந்தடி உயரமுள்ளவரும் இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து நிற்கலாம். ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருப்பதால் கால் மடங்காமல் நீளும். ஹேண்டில்பார் நம்மைத் தேடி வருவதுபோலப் பின்னால் வளைந்திருக்கும். பின் டயர் 15 அங்குலச் சக்கரத்தில் தடித்து உருண்டிருக்கும். பின்சீட்டுக்கு முதுகு சாய ஒரு சாய்மானம். அந்தச் சாய்மானத்தை நான் உயர்வாகச் சொல்வேன்: புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்து, ரிங் ரோடு பஸ்களுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு போன பெண்களுக்கு, காலை இருபுறமும் போட்டுச் சாய்ந்து உட்கார்வது புது சுகம்.

வண்டி விலை அதிகம், விற்பனை குறைவு. 2005-ல் பஜாஜ் அந்தக் கவாஸாகி இன்ஜினை எடுத்துவிட்டு, தன் பல்சரின் 180 சி.சி. இன்ஜினை அதே உடம்பில் பொருத்தி, அவெஞ்சர் என்று பெயர் மாற்றி, விலையைக் குறைத்து விற்றது. பிறகு 200, அதன்பின் 220. இன்ஜின் மாறிக்கொண்டே இருந்தது. உட்காரும் விதம் மாறவில்லை. இன்றைக்கு அவெஞ்சரில் போகிறவர் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் தோரணை அப்படியே எலிமினேட்டருடையது. பஜாஜும் கவாஸாகியும் 2017-ல் இந்தியச் சந்தையில் பிரிந்துபோனார்கள். எலிமினேட்டர் 2023-ல் ஜப்பானில் 400 சி.சி.யாகவும், 2024 ஜனவரியில் இந்தியாவில் 451 சி.சி.யாகவும் மறுபடி வந்தது. இங்கே வந்தபோது அதன் ஷோரூம் விலை 5.62 லட்சம் ரூபாய். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. திருத்தப்பட்டபோது 350 சி.சி. வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்று கோடு போட்டார்கள். ரீகனின் 700 போல, நம் ஊருக்கு ஒரு 350. இனி இங்கே எந்த அளவில் குரூசர்கள் அதிகம் வரும் என்பதை அந்த எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

டெல்லியில் இந்த வண்டிக்கு வந்த கடைசிக் கோடுதான் எனக்கு வலிக்கிறது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பிறகு தளர்வுகளும் திருத்தங்களும் வந்தன. ஆனால் 2001 முதல் 2005 வரை விற்ற எலிமினேட்டர்கள் எல்லாம் பழைய புகை விதிக் காலத்தவை. அவை தலைநகரில் நிம்மதியாக ஓட வழியில்லை. டெல்லிக் குளிர்காலக் காற்றைச் சுவாசித்தவன் என்ற முறையில் நான் விதியின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் வாரம் ஒருமுறை ஐ.என்.ஏ. வரை போய்வரும், எண்ணெய் மாற்றிக் கார்பரேட்டர் சுத்தம் செய்து வைத்திருக்கும் வண்டியையும், கரும்புகை கக்கும் வண்டியையும் பிறந்த தேதியை வைத்து ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமில்லை. அளக்க வேண்டியது புகையை.

இருந்தாலும் சட்டமே ஒரு வழி விட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் அது கைகூடாவிட்டாலும் மற்ற மாநிலங்களில் முடியும். அதனால்தான் டெல்லித் தமிழர்கள் சிலர் பழைய வண்டிகளுக்கு என்.ஓ.சி. எனும் ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கி, ரயில் பார்சலில் ஊருக்கு அனுப்புகிறார்கள். பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்து, ஹேண்டில்பாரிலும் இண்டிகேட்டரிலும் வைக்கோல் சுற்றி, சாக்குப்பை போட்டுத் தைத்து, ஆர்.சி. நகலோடு பார்சல் ஆபீசில் ஒப்படைத்தால் சென்னை வரை சுமார் 2,200 கிலோமீட்டர் அது ரயிலிலேயே வரும்.

உங்கள் குவார்ட்டர்ஸ் படிக்கட்டுக்குக் கீழேயும் அப்படி ஒரு வண்டி தூசி படிந்து நின்றால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி.க்கு விண்ணப்பியுங்கள். ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் முதலில் கார்பரேட்டரையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.