எனிட் பிளைட்டனும் பிபிசியின் மூடின கதவும்

"எனிட் பிளைட்டன் எல்லாம் ஒரு எழுத்தாளரா?"ன்னு உதட்டைப் பிதுக்குறவங்களை நிறைய பார்த்திருப்பீங்க. பிபிசி இந்த உதட்டுப் பிதுக்கலை ஒரு கொள்கையாவே வெச்சிருந்தது. 2009ல் அவங்க பழைய கோப்புகளை வெளியிட்டப்பதான் விஷயமே தெரிஞ்சது. 1930கள்ல ஆரம்பிச்சு 1950கள் வரைக்கும் அம்மணியோட கதைகளை வானொலிப் பக்கமே அண்ட விடலை. பள்ளி ஒலிபரப்புத் துறையில இருந்த ஜீன் சட்க்ளிஃப், இதுல பெருசா இலக்கிய மதிப்பு இல்லைன்னு 1938லயே குறிப்பு எழுதிட்டார்.

அதுக்கப்புறம்தான் கூத்து. 1942ல் 'ஃபேமஸ் ஃபைவ்' வந்தது, 1949ல் 'நாடி'. இங்கிலாந்துல பசங்க அள்ளிக்கிட்டுப் போறாங்க, பிபிசிக்காரங்க மட்டும் அசையலை. இரண்டாந்தர எழுத்துக்கு இவ்வளவு மவுசான்னு 1954லயும் அதே சட்க்ளிஃபுக்கு ஆச்சரியம்! 1963ல்தான் 'விமன்ஸ் அவர்' நிகழ்ச்சியில பிளைட்டன் குரல் கேட்டுச்சு. அதுக்கு அஞ்சு வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டார்.

இவங்க கவனிக்காத ஒண்ணு, பிளைட்டன் ஃப்ரோபெல் முறையில பயிற்சி எடுத்த டீச்சர். குழந்தை எந்த வரியில கொட்டாவி விடும்னு வகுப்புல நின்னு பார்த்தவங்க. சின்னச் சின்ன வாக்கியம், பாதிக்குப் பாதி பேச்சு, அத்தியாயம் முடியுற இடத்துல ஒரு சுரங்கப்பாதை. எளிமையா எழுதுறது சுலபம்னு நினைக்கிறவங்க ஒரே ஒரு அத்தியாயம் எழுதிப் பார்க்கட்டும் :-) தமிழ் மீடியத்துல படிச்ச எனக்கு, அகராதியைத் தொடாம கடைசிப் பக்கம் வரைக்கும் போன முதல் இங்கிலீஷ் புத்தகம் ஃபேமஸ் ஃபைவ்தான். செம்மையான இலக்கியத்தை அன்னைக்குக் கையில கொடுத்திருந்தா இங்கிலீஷ் பக்கமே தலைவெச்சுப் படுத்திருக்க மாட்டேன்.

குறையே இல்லையான்னா, இருக்கு. பாத்திரம் கழுவுறது எப்பவும் ஆன்தான். 'நாடி'யில வர்ற கறுப்பு பொம்மைகள் சங்கடமான விஷயம். இதையெல்லாம் கேள்வி கேக்கணும், கேட்டும் இருக்காங்க. ஆனா அது வேற வழக்கு. பிபிசி குறிப்புகள்ல பெரிய புகாரே தரம் பத்தினதுதான்.

இன்னொரு தமாஷ். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் புரியாதுன்னு ஹாடர் பதிப்பகம் 2010ல் ஃபேமஸ் ஃபைவ் கதைகள்ல பழைய சொற்களை மாத்திப் போட்டுச்சு. வாசகர்களுக்குப் பிடிக்கலை. 2016ல் அந்த மாற்றங்களைத் தூக்கிட்டு, பிளைட்டன் எழுதின நடைக்கே திரும்பிட்டாங்க.