தகுதி யாருக்கு?



நம் தோட்டத்துக் கோவில்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. வேதபாடம் வாசிக்க ஒருவரைக் கூப்பிட்டால், "நான் பால்மரம் வெட்டுகிறவன், கிராணி ஐயா வாசிக்கட்டும்" என்று பின்வாங்குகிறார். திருவிருந்து நாளில், "எனக்கு என்ன தகுதி இருக்கிறது?" என்று கடைசிப் பலகையை விட்டு எழாதவர்களும் உண்டு. இதை நாம் பணிவு என்கிறோம். எல்லாம் பணிவுதானா? இந்தக் கூச்சத்தில் ஒரு பங்கு, நம் முன்னோர் தலையில் பிறர் ஏற்றிவைத்த சுமை. சரித்திரத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

தஞ்சாவூர்ச் சீமையில் ராஜநாயக்கன் என்றொருவர் இருந்தார். 1700ஆம் ஆண்டு பறையர் சமூகத்தில் பிறந்தவர். மன்னரின் படையில் சேவகம் செய்தவர். தரங்கம்பாடியில் தமிழில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. அதை ஊன்றிப் படித்தார். பிறகு படைச் சேவகத்தை விட்டு உபதேசியாரானார்.

தரங்கம்பாடி மிஷனில் 1733இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்டு சபையில் இந்தியர் ஒருவர் குருவானது அதுவே முதல் முறை. அடுத்தவரைத் தெரிந்தெடுக்கும் வேளையில் ராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. ஆனால் அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்ற அச்சம் குறுக்கே நின்றது. 1741இல் தியோகு என்பவர் குருவானார். ராஜநாயக்கனோ 1771இல் கண்மூடும் வரை உபதேசியாராகவே உழைத்தார். அவருடைய பக்தியிலும் உழைப்பிலும் குறை இல்லை. பார்த்தவர்களின் கண்ணில்தான் குறை இருந்தது.

இனித் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் போவோம். அங்கே மயிலாடி என்ற ஊரில் மகாராசன் என்பவர் வாழ்ந்தார். சாம்பவர் சமூகத்தவர். அந்நாளில் திருவிதாங்கூரில் அந்த மக்களுக்குப் பொது வழியில் நடக்கவும் உரிமை கிடையாது. சிதம்பரத்துக்கு யாத்திரை சென்ற அவர், பின்பு தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பி உற்றாரைக் கூட்டி ஜெபம் நடத்தினார். ஜெர்மானியரான ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தபோது, அவரை வரவேற்க அங்கே ஒரு சிறு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. மயிலாடியில் 1809இல் கோவில் எழும்பியது.

1816இல் ஐயர் உடல் நலிந்து ஊரை விட்டுப் புறப்பட்டார். சபைகளை யார் கையில் விட்டுச் சென்றார் தெரியுமா? வேதமாணிக்கத்தின் கையில்! அடுத்த மிஷனரியான மீட் ஐயர் வந்து சேரும் வரை மந்தையைக் காத்தவர் அவரே. 1741இல் ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட நம்பிக்கை, 75 ஆண்டு கழித்து அவரைப் போலவே ஒதுக்கப்பட்ட ஒருவர் மேல் வைக்கப்பட்டது.

"அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணக் கூடாது என்று வேதமே சொல்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். அந்த நிருபத்தை முழுவதும் படித்துப் பாருங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள். ஏழைகள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். அப்படி ஏழையை வெட்கப்படுத்தியவர்களைத்தான் பவுல் கண்டித்தார். வெட்கப்பட்டு நின்ற ஏழையை அவர் எழுந்து போகச் சொல்லவில்லை.

ஆகவே இரண்டையும் பிரித்து அறிய வேண்டும். செய்த பாவத்துக்காக மனம் வருந்துவது நல்லது. அது நம்மை ஆண்டவரிடம் கொண்டுபோகும். பிறப்பையும் தொழிலையும் எண்ணிக் குன்றிப்போவது அப்படியல்ல. அது நம்மை அவரிடமிருந்து விலக்கி நிறுத்தும். முன்னதை வைத்துக்கொள்ளுங்கள், பின்னதை இறக்கி வையுங்கள்.

பெற்றோர்களே, ராஜநாயக்கன், வேதமாணிக்கம் என்ற இந்த இரண்டு பெயர்களையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.